முற்றத்தில் ஒரு மேட்டுப்பாத்தி
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் கீரைப் பாத்தியைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு.

செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரெமென்ஹீர் 1891ஆம் ஆண்டு அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். உழைக்கும் நம் மக்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்றும், மிராசுதாரர் நினைத்தால் குடிசையை விட்டே வெளியேற்றிவிடலாம் என்றும் அதில் எடுத்துரைத்தார். அதன் பயனாக 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. புதுவை அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால் அவ்வாணை நம் எல்லையை எட்டவில்லை. நாளையும் நமதே என்ற உறுதியில்லாத மண்ணில் எவர் விதை ஊன்றுவார்? பிறர் வயலில் நெல் விளைவித்த கைகள் தம் வாயிலில் ஒரு கத்தரிச் செடி வைக்காதிருந்தமைக்குச் சோம்பல் காரணமன்று.

இன்று மனைப்பட்டா பெற்றோர் நம்மிடையே உண்டு. ஆனால் மனை சிறிது. மண்ணும் பல இடங்களில் கல்லும் செங்கல் துண்டும் கொட்டி நிரவியது. அங்கே என்ன விளையும் என்று கேட்போருக்குக் கியூபா நாடு விடை கூறுகிறது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் எண்ணெயும் உரமும் வருவது குன்றி, அந்நாட்டில் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தது. ஹவானா நகர மக்கள் வெற்று மனைகளில் சிமெண்டுத் துண்டு, ஓடு, பலகை முதலியவற்றால் கரை கட்டி, மக்கிய உரமும் மண்ணும் நிரப்பிக் காய்கறி விளைத்தனர்.

அபிஷேகப்பாக்கத்திலும் இது இயலும். இடித்த வீட்டின் செங்கல், பழைய ஓடு, விழுந்த தென்னையின் தண்டு இவை போதும். அகலம் நான்கு அடிக்கு மிகாதிருந்தால் இருபுறமிருந்தும் கை எட்டும். உள்ளே மிதிக்க வேண்டுவதில்லை. உயரம் ஓரடி. அடியில் தேங்காய் மட்டையும் சருகும். மேலே நல்ல மண்ணும் மக்கிய சாணமும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் வடிந்துவிடும், வேர் அழுகாது. கோடையில் மட்டை ஈரத்தைத் தேக்கும். முளைக்கீரையை ஒரு மாதத்திற்குள் பறிக்கலாம். கல்நார்த் தகட்டை மட்டும் கையாளாதீர்கள். அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும். சாயம் பூசிய பலகையும் பூச்சிமருந்து டப்பாவும் வேண்டா. அவற்றின் நஞ்சு மண்ணில் இறங்கும்.

ஒன்றைத் தெளிவாக்குகிறேன். இது நில உரிமைக்கு மாற்றாகாது. "முற்றமே உங்களுக்குப் போதுமே" என்று எவரேனும் கூறினால் ஏற்காதீர்கள். நிலம் கேட்கும் மனுவும் தொடரட்டும். ஆயினும் அது நிறைவேறும்வரை நம் குழந்தைகள் கீரையின்றி உண்ண வேண்டியதில்லை. வரும் ஆடிப்பட்டத்திற்குள் ஒவ்வொரு மாணவர் வீட்டிலும் ஒரு பாத்தி எழட்டும். விதையும் பயிற்சியும் தருவதைக் கழகம் தன் பணியாக ஏற்க வேண்டுமென்று கேட்டு அமர்கிறேன்.