பரிசு கொடுப்பவன் பணம் கேட்பானா?



முப்பது வருடம் வங்கி கவுன்ட்டரில் உட்கார்ந்தவன் என்பதால் இந்தத் தலைப்பை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் பேசச் சொன்னதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்தார்கள். சீட்டு போச்சு, ஆசை போகலை. இப்போது அது வாட்ஸ்அப்பில் வருகிறது. 'கோன் பனேகா குரோர்பதி' பெயர், அமிதாப் பச்சன் படம், 'உங்கள் நம்பருக்கு 25 லட்சம்' என்று ஒரு குரல். சீட்டே வாங்காத குலுக்கலில் முதல் பரிசு! நம்பரைப் பார்த்தால் பல சமயம் 92-ல் ஆரம்பிக்கும். அது பாகிஸ்தானின் எண்.

முதலில் கேட்கிற தொகை சின்னதாகத்தான் இருக்கும். பதிவுக் கட்டணம் என்பார்கள். கட்டினால் அடுத்து வரி, அப்புறம் ஜி.எஸ்.டி. போட்டதை விட மனசு வராமல் மேலும் மேலும் கட்டுகிறார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு ஒரு டீச்சரம்மா, மகள் கல்யாணத்துக்குப் போட்டிருந்த டெபாசிட்டைப் பாதியில் க்ளோஸ் பண்ண வந்தார். "என்னம்மா அவசரம்?" என்றேன். "பரிசுக்கு வரி கட்டணும் சார்" என்றார். நம் நாட்டில் குலுக்கல் பரிசு பெரிய தொகையாக இருந்தால், கொடுக்கிறவரே 30 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தர வேண்டும். "அப்போ பரிசுலேயே பிடிச்சுக்கச் சொல்லுங்கம்மா" என்றேன். அங்கேயே போன் போட்டுக் கேட்டார். எதிர்முனையில் ஒரே அதட்டல், அப்புறம் லைன் கட்.

டெபாசிட் தப்பித்தது. ஆனால் முன்பே இரண்டு தடவை பணம் அனுப்பியிருந்தார். போலீசில் சொல்லலாம் என்றதும், "வீட்டுல தெரிஞ்சா மானம் போயிடும் சார்" என்று அழுதார். படித்தவர்களுக்குத்தான் இந்த வெட்கம் அதிகம். அந்த மௌனம் ஏமாற்றுகிறவனுக்கு ரொம்ப வசதி.

பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் கைமாறுவதற்குள் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. நாள் கடத்தினால் கஷ்டம்.

மாணவர்களே, உங்களுக்கு வருவது ஸ்கிராட்ச் கார்டு, கேஷ்பேக் லிங்க். ஜிபே, போன்பேயில் பணம் வாங்குவதற்கு பின் நம்பரே தேவையில்லை. பின் நம்பர் கேட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகப்போகிறது என்று அர்த்தம். இதை இன்றைக்கு ராத்திரியே வீட்டில் அம்மா அப்பாவுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

யாருக்காவது சந்தேகத்துக்குரிய மெசேஜ் வந்திருந்தால், சாப்பிட்டதும் லைப்ரரி வராண்டாவுக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.