குழாய்நீரும் குளோரினும்

நீரை வடித்தும் காய்ச்சியும் பருகுதல் சமண இல்லங்களின் நெடுநாள் ஒழுக்கம். வடிதுணியில் தங்கிய சிற்றுயிர்களை, முகந்த நீர்நிலையிலேயே மீள விடுவர். ஆயினும் கரைந்த பொருளைத் துணி தடுப்பதில்லை.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரக் குடிநீர் நிலைய வேதியியலார் யோகானஸ் ரூக், குளோரின் கலந்தபின் நீரில் குளோரோஃபார்ம் தோன்றுவதை 1974இல் வெளியிட்டார். இலைதழை மக்கிக் கரைந்த பொருளோடு குளோரின் கூடியதன் விளைவு அது. இவ்வகைச் சேர்மங்கள் நான்கிற்கும் சேர்த்து, லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என அமெரிக்கா 1979இல் வரம்பு வகுத்தது. பின்னர் அதை 80 ஆகக் குறைத்தது. நெடுங்காலம் பருகினால் புற்றுநோய் நேருமோ என்னும் ஐயமே காரணம்.

அதற்காகக் குளோரினைத் துறக்கலாமா? கூடாது. காலராவையும் டைபாய்டையும் அடக்கியதில் அதற்குப் பெரும்பங்குண்டு. அச்சாவுகள் ஐயமல்ல, கண்கூடு. டச்சுப் பொறியாளர்கள் கரைந்த பொருளை முன்னரே குறைத்து, மணல் வடிப்பையும் கசிவற்ற குழாய்களையும் செம்மைப்படுத்திய பின்னரே குளோரினைக் கைவிட்டனர். ஆம்ஸ்டர்டாம் நகரம் நிறுத்தியது 1983இல்.

திறந்த கலத்தில் கொதிக்கையில் குளோரோஃபார்ம் பெரும்பாலும் ஆவியாகிவிடும். உடன் தோன்றும் ஹாலோ அசிட்டிக் அமிலங்களோ எளிதில் நீங்கா. எனினும் காய்ச்சும்போது மூடியை விலக்கிச் சாளரத்தைத் திறந்து வைத்தல் நன்று.