சும்மா இருக்கப் போகும் இடம்



கோடை பிறந்தால் நம்மவர் வீடுகளில் ஒரு கேள்வி எழும்பும்: "இந்த முறை காம்பிங் எங்கே?" ரொறன்ரோவிலும் அதன் அயலிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இது இப்போது ஊர்க் கோயில் திருவிழாவைப் போல. சித்தப்பா வீட்டார், மச்சாள் வீட்டார், கூட வேலை செய்பவர்கள் என்று சனம் திரளும். முதல் நாளே ஊறப்போட்ட இறைச்சி வரும், கூலர்கள் வரும், பெரிய ஸ்பீக்கர் ஒன்றும் தவறாமல் வரும். ஒன்றுகூடல் என்ற அளவில் இதில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் ஏரிக்கரையில் கூடாரமடித்து, அங்கே வாழும் பறவையையும் விலங்கையும் பார்ப்பது வேறொரு கலை. அதை நாங்கள் இன்னும் பழகவில்லை என்பதுதான் என் கணிப்பு.

எடுத்துக்காட்டுக்கு அல்கொன்குவின் பூங்காவையே எடுத்துக்கொள்வோம். 1893இல் நிறுவப்பட்டது. ஏறத்தாழ 7,600 சதுர கிலோமீற்றர் காடும் ஏரிகளும். ரொறன்ரோவிலிருந்து மூன்று மணி நேர ஓட்டம். 60ஆம் இலக்க நெடுஞ்சாலை பூங்காவின் தெற்குப் பகுதியை ஊடறுத்து 56 கிலோமீற்றர் ஓடுகிறது. காரில் போய் இறங்கக்கூடிய முகாம்களில் பெரும்பாலானவை அந்தச் சாலையை ஒட்டியே இருக்கின்றன. ஆகவே "அமைதியான ஏரிக்கரை" என்று படத்தில் பார்த்துவிட்டுப் போனால், சில இடங்களில் இரவு முழுக்க லொறிச் சத்தம்தான் கேட்கும். சாலையிலிருந்து எவ்வளவு தூரம், ஏரியில் மோட்டார் படகு ஓட விடுகிறார்களா, பக்கத்து இடத்துக்கும் உங்களுக்கும் நடுவே மரம் இருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்தே இடம் பிடிக்க வேண்டும். குளியலறை எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதை நாலாவதாக வையுங்கள். நம்மவர் அதைத்தான் முதலாவதாக வைக்கிறார்கள்.

போக் லேக் போன்ற சில முகாம்களில் வானொலிக்கே இடமில்லாத பகுதி ஒன்றை ஒதுக்கியிருக்கிறார்கள். வானொலியில் இருந்துகொண்டே சொல்கிறேன், அந்தப் பகுதியைத்தான் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: ஓர் இடத்துக்கு ஆறு பேர் என்பது ஒன்ராறியோ பூங்காக்களின் பொது விதி. இருபது பேராகப் போக விரும்பினால் அதற்கென்றே வைட்ஃபிஷ் லேக்கில் குழு முகாம் உண்டு. பாட்டும் கறியும் அங்கே. காட்டைப் பார்ப்பது இன்னொரு கிழமை, நாலு பேரோடு.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன்: நேரம். ஏரிக்கரையில் பார்க்கத் தகுந்தவற்றில் பெரும்பங்கு விடியலிலும் அந்தியிலும்தான் நடமாடும். அந்தியில் நாங்கள் என்ன செய்கிறோம்? அடுப்பு மூட்டுகிறோம். விடியலில்? நித்திரை. பிறகு காலை பத்து மணிக்கு எழும்பி வந்து, "இங்கே ஒன்றுமே இல்லையே" என்கிறோம். இந்தக் கலையின் பாதி, சமையல் நேரத்தை மாற்றுவதில் அடங்கியிருக்கிறது. பெரிய சாப்பாட்டைப் பின்னேரம் நாலு மணிக்கே முடித்துவிடுங்கள். ஆறு மணிக்குக் கரைக்குப் போய், கதிரையைத் தண்ணீருக்குப் பத்தடி பின்னால், மர நிழலோடு நிழலாகப் போட்டு உட்காருங்கள். நெருப்பு மூட்டுவதை நன்றாக இருட்டும்வரை தள்ளிப்போடுங்கள். நெருப்பைப் பார்த்த கண்ணுக்கு அதற்கு அப்பால் எல்லாமே கறுப்பு. கண் இருளுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் வேண்டும். ஒருவர் கைப்பேசியை ஒருமுறை தட்டினால் எல்லோருக்கும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

உட்கார்ந்தால் முதலில் வருவது பெரும்பாலும் பீவர்தான். தண்ணீரில் ஒரு தலை மட்டும் தெரியும், பின்னால் வி வடிவில் அலை விரியும். அதற்குப் பார்வை மட்டம், மூக்கும் காதும் கூர்மை. காற்று உங்களிடமிருந்து அதன் பக்கம் வீசினால் தட்டையான வாலால் தண்ணீரை ஓங்கி அறைந்துவிட்டு மூழ்கிவிடும். அது ஏரியில் இருக்கும் மற்றப் பீவர்களுக்கு அபாய அறிவிப்பு. காற்று பார்த்து உட்காருவது வேட்டைக்காரர்களின் வித்தை. துவக்கு இல்லாமலும் அது தேவைப்படுகிறது.

அடுத்தது லூன். நீங்கள் நாள்தோறும் கையில் எடுக்கும் பறவை இது. 1987இல் வெளிவந்த ஒரு டொலர் நாணயத்தில் நீந்துவது இதுதான். அந்த நாணயத்துக்கு முதலில் தீர்மானித்திருந்தது பழைய தோல் வணிகர்கள் வள்ளம் வலிக்கும் படம். அதன் அச்சுக் கட்டைகள் ஒட்டாவாவிலிருந்து வின்னிபெக்குக்குப் போகும் வழியில் காணாமற்போயின. கள்ள நாணயம் அடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் படத்தையே மாற்ற, லூனுக்கு அதிர்ஷ்டம் அடித்தது.

பறக்கும் பறவைகளுக்குப் பொதுவாக எலும்புகளுக்குள் காற்று இருக்கும். லூனின் எலும்புகளோ பெரும்பாலும் கெட்டியானவை. அதனால் சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் இறங்கிவிடும். கால்கள் உடலின் பின்முனையில் இருப்பதால் நீருக்குள் அம்பு, நிலத்தில் நொண்டி. நடக்க முடியாத பறவை கூட்டை எங்கே கட்டும்? தண்ணீர் விளிம்பில்தான். வேகமாகப் போகும் ஒரு படகின் அலை போதும், முட்டைகள் இரண்டும் போய்விடும். மோட்டார் படகு ஓடாத ஏரியைத் தேடச் சொன்னதற்கு எங்கள் காதுகள் மட்டும் காரணமல்ல. குஞ்சுகள் முதல் இரண்டு மூன்று கிழமை தாய் தகப்பனின் முதுகில் ஏறிச் சவாரி செய்யும். ஜூலையில் போகிறவர்களுக்கு அந்தக் காட்சி கிடைக்கலாம்.

லூனுக்கு நாலு குரல்கள் உண்டு. நீண்டு எழும் ஓலம், பிரிந்திருக்கும் துணையைத் தேடுவது. ஆண் மட்டும் எழுப்பும், ஏறி இறங்கிச் சுழலும் கூவல், "இந்த ஏரி என்னுடையது" என்ற எச்சரிக்கை. குடும்பத்துக்குள் மெதுவாக "ஊ" என்று கேட்பது, கிட்ட இருந்தால் மட்டுமே காதில் விழும். நாலாவது, பைத்தியச் சிரிப்புப் போல நடுங்கும் குரல். இதைக் கேட்டதும் நம் பிள்ளைகள் கைதட்டிச் சிரிப்பார்கள், பறவையும் மகிழ்கிறது என்று நினைத்துக்கொண்டு. அது பயத்தின் குரல். வள்ளத்தில் போகும்போது அந்தக் குரல் கேட்டால், கூட்டுக்கோ குஞ்சுக்கோ மிகக் கிட்டப் போய்விட்டீர்கள். உடனே திருப்பிக்கொண்டு விலகுங்கள். இந்த நாலையும் பிரித்தறியப் பழகியவருக்கு, கூடாரத்துக்குள் கண்மூடிப் படுத்திருந்தாலும் ஏரியில் என்ன நடக்கிறது என்று தெரியும். கைப்பேசியில் லூன் குரலைப் போட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும் விளையாட்டை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எதிரி வந்துவிட்டான் என்று எண்ணி ஆண் பறவை அமைதியின்றி அலையும். எங்களுக்கு அரை நிமிட வேடிக்கை.

எல்லோரும் கேட்பது மூஸ் என்ற பெரிய மானைத்தான். மே, ஜூன் மாதங்களில் அது சாலையோரப் பள்ளங்களில் நின்று சேற்றுத் தண்ணீரைக் குடிக்கும். குளிர்காலத்தில் சாலையில் கொட்டிய உப்பு அங்கே தேங்கி நிற்கிறது. மாதக்கணக்காகச் சுள்ளி தின்று கிடந்த உடம்புக்கு உப்பு வேண்டும். ஏரியில் நீர்ச்செடிகள் தழைத்த பிறகு அவற்றிலிருந்து உப்புச் சத்துக் கிடைப்பதால் சாலையை விட்டுவிடும். ஆகவே ஜூலை, ஓகஸ்டில் மூஸ் பார்க்க வேண்டுமானால் அல்லி படர்ந்த ஆழமற்ற குடாக்களை விடியலில் பாருங்கள். அந்த மே, ஜூனிலேயே கறுப்பு ஈக்கள் சனத்தைப் பிய்த்தெடுக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நுளம்புக்குப் பழகிய எங்கள் தோலும் அந்தக் கடிக்கு ஈடுகொடுக்காது.

கூட்டமாகப் போய்ச் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று உண்டு: ஓநாய்க்குக் குரல் கொடுப்பது. 1958இல் டக்ளஸ் பிம்லொட் என்ற ஆய்வாளர் இந்தப் பூங்காவில் ஓநாய்களை ஆராயத் தொடங்கினார். அதுவரை பூங்காக் காவலர்களே அவற்றைக் கொன்றுவந்தார்கள். மனிதர் ஊளையிட்டாலும் ஓநாய் பதில் சொல்லும் என்பதை ஆய்வாளர்கள் கண்டுகொண்டு, அதை வைத்தே கூட்டங்களின் இருப்பிடத்தை அறிந்தார்கள். 1963 ஓகஸ்டில் அதைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார்கள். முதல் நாள் இரவு ஊழியர்கள் ஓநாய்க் கூட்டத்தைக் கண்டுபிடித்தால் மட்டும் மறுநாள் வியாழன் நிகழ்ச்சி உண்டு. நெடுஞ்சாலையில் வரிசையாகக் கார்கள், விளக்குகள் அணைந்திருக்கும், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மூச்சுவிடாமல் நிற்பார்கள். சில இரவுகளில் பதில் வராது. அப்படியும் போய்ப் பாருங்கள். அவ்வளவு பேர் ஒன்றாக வாய்மூடி நிற்பதை வேறெங்கும் காண்பது அரிது.

எங்கள் பக்கத்துப் பெரிய பிழை சாப்பாட்டில்தான். கறிச்சட்டியை இரவு மேசையில் மூடிவைத்துவிட்டுப் படுப்பது வீட்டுப் பழக்கம். கரடியின் மூக்குக்கு மூடியெல்லாம் பொருட்டில்லை. சாப்பாடு, கூலர், பற்பசை, கழுவாத பாத்திரம் எல்லாம் இரவில் காருக்குள் இருக்க வேண்டும். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட்கூட வேண்டாம். மனிதச் சாப்பாட்டில் ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் பெரும்பாலும் அதைச் சுட்டுவிடுவார்கள். அணிலுக்குக் கச்சான் போடுவதையும் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டாம். விறகை ரொறன்ரோவிலிருந்து ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். 2002இல் வின்ட்ஸர் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட, ஆஷ் மரங்களைக் கொல்லும் பச்சை வண்டு, விறகோடு பயணம் செய்தே ஊர் ஊராகப் பரவியது.

கருவிகளுக்குப் பெரிய செலவு வேண்டாம். எட்டு மடங்கு காட்டும் பைனாகுலர் போதும். அதற்கு மேலே போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெருக்கும். கூடாரத்தைவிட நல்ல மடிப்புக் கதிரைக்குக் காசைப் போடுங்கள். என் பார்வையில் இந்தக் கலைக்கு எங்களுக்குள் மிகப் பொருத்தமானவர்கள் அம்மம்மாவும் அப்பப்பாவும்தான். வன்னிக் குளக்கட்டிலும் வயல் வரம்பிலும் கொக்கையும் மயிலையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அசையாமல் இருக்கத் தெரியும். "குளிரும், வேண்டாம்" என்று அவர்களைத்தான் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறோம்.

எப்போது போவது என்று கேட்டால், செப்டெம்பர் நடுப்பகுதி, வார நாள் என்பேன். ஈ இல்லை, நுளம்பு குறைவு, பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டதால் சனமும் குறைவு. இரவில் உறைபனி விழலாம், கம்பளி வேண்டும். ஆண் மூஸ்களுக்கு அது இணை தேடும் பருவம், தூர நின்றே பாருங்கள். பெரிய லூன்கள் தெற்கு நோக்கிப் புறப்படும் காலமும் அதுதான். அந்த வருடக் குஞ்சுகள் பிறகு, வழிகாட்ட யாருமில்லாமல், தாமாகப் போகும். சில முகாம்கள் தொழிலாளர் தினத்துக்குப் பிறகு மூடிவிடும், மியூ லேக் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். பதிவு ஐந்து மாதம் முன்னதாகக் காலை ஏழு மணிக்குத் தொடங்கும். ஆகவே செப்டெம்பருக்கு வேண்டியவர்கள் ஏப்ரலிலேயே கணினிக்கு முன்னால் உட்காருங்கள். அம்மம்மாவின் பெயரையும் அந்த ஆறு பேருக்குள் சேர்த்துப் பதியுங்கள்.