பெரியம்மா வீட்டு வாசற்கதவு
(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

'முதியோர் வீட்டுக்கு ஸ்மார்ட் பூட்டு தேவையா' என்று பேசச் சொல்லி நம் செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் பூட்டு விற்பவன் அல்ல. வங்கியில் முப்பத்து நான்கு வருஷம் கிளார்க்காக இருந்தவன். சாவிகளோடு பழக்கம் உண்டு, அவ்வளவுதான்.

என் பெரியம்மா பிள்ளையார்பாளையத்தில் தனியாக இருக்கிறார். வயது 82. மகன் பெங்களூரில். போன வருஷம் ஆடி மாதம் ஒரு காலை, பக்கத்து வீட்டு அம்மா எனக்குப் போன் செய்தார். "இன்னும் வாசல் தெளிக்கலைங்க. கூப்பிட்டா உள்ளேருந்து முனகல்தான் கேக்குது" என்றார். நான் ஓடிப்போனபோது 108 வண்டி வாசலில் வந்து நின்றிருந்தது. என் கையில் சாவி இருந்தது, பூட்டும் திறந்தது. ஆனால் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அந்தக் காலத்துத் தேக்கு இரட்டைக் கதவு. ஆசாரியைக் கூட்டிவந்து பின்கட்டுக் கதவைப் பெயர்த்து உள்ளே போக நாற்பது நிமிஷம் ஆனது. அவ்வளவு நேரமும் அவர் குளியலறை ஈரத்தில் கிடந்தார். இடுப்பெலும்பில் விரிசல். மூன்று மாதம் படுக்கை.

உங்கள் வீட்டிலும் பெரியவர் யாராவது தனியாக இருந்தால், இன்று இரவு தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் படுப்பார். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

மகன் உடனே ஸ்மார்ட் பூட்டு வாங்கி அனுப்பிவிட்டான். அது ஒற்றைக் கதவுக்கானது, கதவைக் குடைந்து உள்ளே இறக்க வேண்டும். "இந்தக் கதவுல உளி வச்சா நான் இங்க இருக்கவே மாட்டேன்" என்றார் பெரியம்மா. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, கதவின் உள்முகத்தில் மேலாகப் பொருத்தும் வகையை வாங்கினோம். ஒரு கதவை மேலும் கீழும் கொண்டி போட்டு நிறுத்தி, மற்றதில் பூட்டு. பழைய வீடு வைத்திருப்பவர்கள் கதவின் கனத்தை அளந்து, போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அடுத்தது கைரேகை. எத்தனை முறை விரலை வைத்தாலும் பூட்டு அவரைத் தெரியாது என்றது. எனக்கு ஆச்சரியமில்லை. ஐம்பது வருஷம் பட்டு நூல் இழைத்து, தார் சுற்றிய விரல். ரேகை எங்கே மிச்சம் இருக்கும்? நவம்பர் மாதம் உயிர்ச்சான்று கொடுக்க வரும் பென்ஷன்தாரர்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். 2014-ல் 'ஜீவன் பிரமாண்' வந்தபோது வீட்டிலிருந்தே விரல் வைத்தால் போதும் என்றார்கள். ரேகை விழாதவர்கள் பழையபடி கவுன்டருக்குத்தான் வந்தார்கள். 2021-ல் முகத்தைக் காட்டியே கொடுக்கலாம் என்று வந்த பிறகுதான் பலருக்கு மூச்சு வந்தது. ஆகவே விரலை மட்டும் நம்பும் பூட்டு நெசவாளர் வீட்டுக்கு ஆகாது. பெரியம்மாவுக்கு ஆறு இலக்க எண்ணும், இடுப்பில் செருகிக்கொள்ள ஒரு சிறிய டேக்கும் வைத்தோம். என்ன எண் என்று அவரே முடிவு செய்தார். எனக்குச் சொல்ல ஒரு வாரம் யோசித்தார்!

கதவு சாத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு. விளம்பரத்தில் அழகாக இருக்கும். இரண்டாம் நாளே, கோலம் போட வெளியே வந்தவரைக் கதவு வெளியிலேயே நிறுத்திவிட்டது. டேக் உள்ளே, பதற்றத்தில் எண் மறந்துபோனது. அந்த வசதியை முதல் வேலையாக அணைத்து வையுங்கள்.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். இது கரண்டில் ஓடுவதில்லை. நான்கு பென்டார்ச் செல். நல்ல ஆல்கலைன் செல்லாகப் போடுங்கள். தீரும் முன் சத்தம் கொடுக்கும், ஆனால் காது மந்தமானவருக்கு அது கேட்காது. தைப் பொங்கலுக்கு ஒன்று, ஆடிக்கு ஒன்று என்று நானே மாற்றிவிடுகிறேன். வைஃபை இல்லாவிட்டாலும் எண்ணும் டேக்கும் வேலை செய்யும்; பெங்களூரிலிருந்து திறப்பதுதான் முடியாது.

இனி தாழ்ப்பாளுக்கு வருகிறேன். இத்தனை செய்த பிறகும் பெரியம்மா இரவில் பழைய தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டுதான் படுத்தார். அதைக் கழற்றிவிடலாம் என்றான் மகன். நானும் தலையாட்டினேன். பெரியம்மா என்னைப் பார்த்து, "ஏம்பா, நம்பர் தெரிஞ்ச யாரும் ராத்திரியில உள்ள வரலாம்னா, அப்புறம் நான் எப்படிக் கண்ண மூடறது?" என்றார். பதில் இல்லை. 2019-ல் அத்தி வரதர் எழுந்தருளியிருந்த 48 நாளும், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வீட்டைத் திறந்து போட்டு மோர் கொடுத்தவர் அவர். அப்படிப்பட்டவருக்கு இப்போது பயம் வந்திருக்கிறது என்றால் அந்தப் பயத்தைக் கழற்றிப் போட ஸ்க்ரூடிரைவர் போதாது.

வங்கியில் ஸ்ட்ராங் ரூமை ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. இரண்டு பேரிடம் இரண்டு சாவி. நகல் சாவியை முத்திரையிட்டு வேறு கிளையில் வைப்போம். அதை நினைத்துக்கொண்டு கடைக்காரரிடம் மறுபடி பேசினேன். எங்கள் பூட்டில் உள்பக்கம் ஒரு குமிழ் இருக்கிறது. அதைத் திருப்பிவிட்டால் வெளியிலிருந்து எந்த எண்ணும் செல்லாது, ஆனால் அவசரச் சாவி மட்டும் திறக்கும். எல்லா மாடலிலும் இப்படி இருக்காது. பணம் கொடுக்கும் முன் கடையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். இரவில் பெரியம்மா குமிழைத் திருப்புகிறார். சாவி உறையில் ஒட்டி, மேலே அவர் கையெழுத்தோடு, பக்கத்து வீட்டு அம்மாவிடம் இருக்கிறது. உறை பிரிக்கப்பட்டால் தெரிந்துவிடும். பத்து நாள் சோதித்துப் பார்த்த பிறகு தாழ்ப்பாளை அவரே விட்டுவிட்டார். கதவில் அது இன்னும் இருக்கிறது, கழற்றவில்லை.

வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தனி எண் கொடுத்தோம். அவர் நின்றதும் அந்த எண்ணை மட்டும் அழித்தோம். வங்கியில் ஆள் மாறினால் சாவி ஒப்படைப்புக்குக் கையெழுத்து வாங்குவோமே, அதே கணக்கு.

ஒரு சண்டையும் நடந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் மகன் போனில் தகவல் வரும். "நேத்து மத்தியானம் எங்க போன?" என்று அவன் கேட்டுவிட்டான். பெரியம்மா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. இப்போது காலை எட்டு மணிக்குள் கதவு திறந்ததா என்று மட்டும் பார்க்கிறான். மற்றதைப் பார்ப்பதில்லை என்று சொல்கிறான்.

செலவு, மாடல் விவரம் வேண்டுபவர்கள் கூட்டம் முடிந்து என்னிடம் கேளுங்கள். நேரில் பார்க்க வேண்டுமானால் பெரியம்மாவுக்கு முன்கூட்டிப் போன் செய்துவிட்டு வாருங்கள். சொல்லாமல் வந்தால் திறக்க மாட்டார்.