நானூறு நாள் கடிகாரம்

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்துப் பழைய குடும்பங்கள் சிலவற்றின் வரவேற்பறையில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு பித்தளைக் கடிகாரம் நிற்கும், பார்த்திருப்பீர்கள். அடியில் நான்கு குண்டுகள். மற்ற ஊசல்போல் இடமும் வலமும் ஆடாமல், இவை மெல்லச் சுற்றி, நின்று, எதிர்ப்பக்கம் திரும்பும். ஒருமுறை சாவி கொடுத்தால் 400 நாள் ஓடும். எனக்குக் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை ஜெர்மனியின் குண்டோ அல்லது ஷாட்ஸ் தயாரிப்புகள். 2017 ஜூலையில் மூடப்பட்ட சுங்கை ரோடு சந்தையில் கண்ணாடி உடைந்தவற்றையும் வாங்கிச் சேர்த்திருக்கிறேன்.

ரேஸ் கோர்ஸ் ரோட்டிலிருந்து ஒரு அம்மா இப்படி ஒன்றைப் பழுதுபார்க்கச் சொல்லி, துணிப்பையில் போட்டுப் பஸ்ஸில் என்னிடம் கொண்டுவந்தார். 1982 பிறந்தபோது சிங்கப்பூர் நேரம் அரை மணி முன்னே போனதல்லவா, அன்று முள்ளைத் தள்ளிவைத்தவர் அவருடைய கணவராம். "நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு தம்பி. வீடு மாறினோம், நின்னுபோச்சு." அந்த ஒரு வரியே எனக்குப் போதும். குண்டுகளைப் பூட்டாமல் தூக்கியிருக்கிறார்கள்; குண்டுகளைத் தாங்கும் கம்பி முறுக்கிக்கொண்டது.

அந்தக் கம்பிதான் இதன் உயிர். நாடாபோல் தட்டையானது, தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். விரல் நகத்தில் வைத்து வெளிச்சத்தில் திருப்பினால் மடிப்பு விழுந்த இடம் பளிச்சென்று மின்னும். மின்னினால் நிமிர்த்தப் பார்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள். அந்த மாடலுக்கு உரிய தடிமனே வேண்டும். இம்மி கூடினாலும் கடிகாரம் மணிக்குச் சில நிமிடம் முந்தும். பழைய எஃகுக் கம்பி வெயிலில் மந்தமாகும், குளிரில் விரையும். நம் ஊரில் ஆண்டு முழுக்க ஒரே புழுக்கம் என்பதால் தொல்லை குறைவு. ராத்திரி ஏர்கான் போடுகிற அறையில் மட்டும் வைக்காதீர்கள்.

கடிகாரத்தைக் கழற்றுவதற்கு முன் உள்ளே இருக்கும் பெரிய ஸ்பிரிங்கின் முறுக்கை முழுவதும் தளர்த்திவிட வேண்டும். அது விரலைப் பதம் பார்த்துவிடும். பழக்கமில்லாதவர்கள் தொடவே வேண்டாம். கம்பிக்கு எண்ணெய் கூடாது. தேங்காய் எண்ணெய் விட்டுக்கொண்டு வந்தவர்களும் உண்டு, என்ன சொல்ல!

எனக்குப் பிடித்த வேலை கடைசியில்தான். இந்தக் கடிகாரம் நிமிடத்துக்கு எட்டே முறை டிக் என்னும், அதாவது ஏழரை விநாடிக்கு ஒன்று. அந்த டிக் விழுந்த பிறகும் குண்டுகள் அதே பக்கம் இன்னும் கொஞ்சம் நகரும். அந்த மிச்ச நகர்வு இரு பக்கமும் சமமாக இருக்கவேண்டும். ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால், கம்பியின் மேல்முனையைப் பிடித்திருக்கும் துண்டை மயிரிழை திருப்பி, மறுபடி உட்கார்ந்து பார்க்கவேண்டும். அவசரக்காரருக்கு ஆகாது. எனக்கோ ஒரு சாயங்காலம் முழுக்க இதிலேயே போய்விடும். வீட்டில் கூப்பிட்டாலும் காதில் விழாது. அந்த அம்மாவின் கடிகாரத்துக்கு ரெண்டு சாயங்காலம்.

சரியான கம்பி, ஆடாத அலமாரி, சமமான டிக், இவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் ஒன்று நின்றுகிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். யாரிடமாவது காட்டுங்கள். கிளம்பும்போது குண்டுகளைப் பூட்டிக்கொண்டு வாருங்கள்.