நியாயத்தீர்ப்பு நாளும் நியாயமும்

(பொதுக்கூட்டம் ஒன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் கிறிஸ்தவ மதத்தில் சொல்லப்படும் கடைசி நியாயத்தீர்ப்பைப் பற்றியதாகும். நோட்டீஸ் வெளியானவுடனேயே ஒரு பக்கம் சந்தோஷமும் ஒரு பக்கம் வருத்தமும் கிளம்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். இந்துக்களில் சிலர், "இத்தனை நாளாய் நம்மையே வைதுகொண்டிருந்தவர்கள் இப்போதாவது அந்தப் பக்கம் திரும்பினார்களே" என்று மகிழ்கிறார்களாம். கிறிஸ்தவர்களில் சிலர், "பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டிக் கொடுத்தவர்களையா தாக்குவது?" என்று வருந்துகிறார்களாம்.

சந்தோஷப்படுகிறவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் சித்திரபுத்திரன் கணக்கும், எமனுடைய எண்ணெய்க் கொப்பரையும், போன ஜன்மத்துக் கர்மமும் இதைவிட எந்த விதத்திலும் உயர்ந்த சரக்கல்ல. நீங்கள் சிரிப்பதற்கு இதில் இடமே இல்லை. வருத்தப்படுகிறவர்களுக்குச் சொல்லுகிறேன். தெருவில் நடக்கக்கூடாது என்று ஒதுக்கப்பட்டவனுடைய பிள்ளைக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்த பாதிரிமாரை நாம் மறக்கவில்லை. அதற்கு நன்றி செலுத்தத் தயார். ஆனால் பள்ளிக்கூடம் கொடுத்தார்கள் என்பதற்காக நரகத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

அவர்கள் சொல்லுவதை அவர்கள் சொல்லுகிறபடியே முதலில் சொல்லிவிடுகிறேன். உலக முடிவிலே எக்காளம் ஊதப்படும். செத்தவர்களெல்லாம் எழுந்திருப்பார்கள். கிறிஸ்து சிங்காசனத்தில் உட்காருவார். புஸ்தகங்கள் திறக்கப்படும். மேய்ப்பன் செம்மறியாட்டையும் வெள்ளாட்டையும் பிரிப்பதுபோல் ஜனங்கள் வலது பக்கம் இடது பக்கமாகப் பிரிக்கப்படுவார்கள். வலது பக்கத்தாருக்கு நித்திய ஜீவன். இடது பக்கத்தாருக்கு நித்திய அக்கினி. சுருக்கம் இவ்வளவுதான்.

மத்தேயு சுவிசேஷம் 25ஆம் அதிகாரத்தில் எதை வைத்துப் பிரிப்பது என்றும் சொல்லியிருக்கிறது. பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தாயா, சிறையில் கிடந்தவனைப் போய்ப் பார்த்தாயா என்பதுதான் அங்கே கேள்வி. எந்தச் சாமியைக் கும்பிட்டாய் என்ற பேச்சே அங்கே கிடையாது. இது யோக்கியமான பேச்சு என்பதை நான் தாராளமாக ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் அதே வேதப் புஸ்தகத்தின் வேறு பக்கங்களில் விசுவாசித்தவனுக்கு ரட்சிப்பு, விசுவாசியாதவனுக்கு ஆக்கினை என்று இருக்கிறது. ஒரே கோர்ட்டில் இரண்டு சட்டம்! சோறு போட்ட நாஸ்திகன் எந்தப் பக்கம் நிற்பான்? போடாத பக்தன் எந்தப் பக்கம் நிற்பான்? 1442இல் புளோரன்ஸ் சங்கம், சபைக்கு வெளியே இருப்பவர்கள் யாராயிருந்தாலும் நித்திய நெருப்புக்குத்தான் போவார்கள் என்று முடிவு கட்டியது. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தன் குற்றமில்லாமல் சுவிசேஷத்தை அறியாதவனும் ரட்சிப்பு அடையலாம் என்று சொல்லியது. மாறினது நல்லதுதான். ஆனால் மாறாத கடவுளின் மாறாத தீர்ப்பு என்று மட்டும் இனிமேல் சொல்லாமல் இருந்தால் போதும்.

நிற்க, இந்தத் தீர்ப்பு எப்போது நடக்கிறது என்பதிலேயே ஒரு வேடிக்கை உண்டு. இருபத்திரண்டாம் ஜான் என்ற போப்பாண்டவர் 1331இல், நல்லவர்களின் ஆத்மா கூட கடைசி நாள் வரைக்கும் கடவுளை நேரில் பார்க்க முடியாது, காத்திருக்க வேண்டியதுதான் என்று பிரசங்கம் செய்தார். பெரிய கலகமாகிவிட்டது. 1334இல் சாகும் தறுவாயில் அதை வாபஸ் வாங்கினார். அடுத்து வந்த பன்னிரண்டாம் பெனடிக்ட் 1336இல், செத்த உடனேயே அவரவர் மோட்சத்துக்கோ நரகத்துக்கோ போய்விடுகிறார்கள் என்று உத்தரவு போட்டார். அப்படியானால் கடைசி நாளில் என்ன விசாரணை? ஆயிரம் வருஷமாய் நெருப்பில் கிடக்கிறவனை வெளியே கூப்பிட்டு, உடம்பையும் மாட்டிவிட்டு, "நீ குற்றவாளி" என்று சொல்லித் திரும்பவும் அதே நெருப்புக்கு அனுப்புவதாம். தண்டனையை முதலில் கொடுத்துவிட்டு விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளும் கோர்ட்டை நம் தாலூகாக்களில் கூட நான் பார்த்ததில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒருவன் எழுபது வருஷம் உயிரோடிருந்து, எழுபது வருஷமும் அயோக்கியத்தனமே செய்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் செய்த கெடுதிக்கு ஒரு அளவு உண்டு. தண்டனைக்கு மட்டும் ஏன் அளவு இல்லை? இந்தக் கேள்விக்கு அவர்களிலே பெரிய படிப்பாளியான தாமஸ் அக்வினாஸ் பதிமூன்றாம் நூற்றாண்டில் பதில் எழுதியிருக்கிறார். பாவம் செய்தவன் சிறியவனாயிருந்தாலும், பாவம் செய்யப்பட்டது யாருக்கு விரோதமாக? அளவில்லாத மேன்மையுள்ள கடவுளுக்கு விரோதமாக. ஆகையால் குற்றமும் அளவில்லாதது, தண்டனைக்கும் முடிவில்லை என்பது அவர் வாதத்தின் சாரம்.

தோழர்களே, இந்த வாதத்தை எங்கேயோ கேட்ட ஞாபகம் வருகிறதல்லவா? மனுதர்ம சாஸ்திரம் எட்டாம் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். பிராமணனைத் திட்டிய க்ஷத்திரியனுக்கு 100 பணம் அபராதம். அதையே செய்த சூத்திரனுக்குச் சரீர தண்டனை. சூத்திரனைத் திட்டிய பிராமணனுக்கோ 12 பணம். செய்த காரியம் ஒன்றே. யாரை என்பதைப் பார்த்துத் தண்டனை ஏறுகிறது, இறங்குகிறது. மனு பிராமணனோடு நிறுத்திக்கொண்டார். அக்வினாஸ் அதே ஏணியில் உச்சிப்படிக்குப் போய்விட்டார். மனுவைக் கொளுத்த வேண்டும் என்று சொல்லுகிற நாம், அதே நியாயம் லத்தீன் பாஷையில் வந்தால் மட்டும் கும்பிட வேண்டுமா?

உண்மையில் நியாயம் வேறு மாதிரியல்லவா இருக்க வேண்டும்! பெரியவன் என்றால் அவனுக்குச் சிறியவன் செய்யும் குற்றத்தால் என்ன நஷ்டம்? கைக்குழந்தை தகப்பனை எட்டி உதைத்தால் தகப்பன் சிரிக்கிறான். மந்திரியை உதைத்தால் போலீஸ் வருகிறது. கடவுள் தகப்பன் என்கிறார்கள். நடத்தை மட்டும் மந்திரி நடத்தையாயிருக்கிறது.

இக்காலத்துப் பாதிரிமாரில் சிலர், நரகத்துக்குக் கடவுள் யாரையும் தள்ளுவதில்லை, பாவி தானே விரும்பி அங்கே போய் உட்கார்ந்து கொள்ளுகிறான் என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். கேட்பதற்கு நாகரிகமாகத்தான் இருக்கிறது. அப்படியானால் போனவன் ஒரு நாள் புத்தி வந்து, "போதும், வருகிறேன்" என்று சொன்னால் கதவு திறக்குமா? திறக்காது, காலம் கடந்துவிட்டது என்கிறார்கள். கிணற்றில் குதித்த மகன் "என்னைத் தூக்காதே" என்று கத்தினாலும் தாய் கயிற்றைப் போடுகிறாள். அவன் இஷ்டம் என்று துலாக்கல்லில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவளை நாம் தாய் என்று சொல்லுவதில்லை. அதுவும் இவன் கிணற்றில் குதிப்பான் என்பது அவனைப் பெறுவதற்கு முன்னமே தெரிந்து, தெரிந்தே பெற்று, கிணற்றையும் தானே வெட்டி வைத்தவள் என்றால் என்ன சொல்லுவது! கால்வின் என்பவர் இதையெல்லாம் மூடி மறைக்காமல், இன்னார் மோட்சத்துக்கு, இன்னார் நரகத்துக்கு என்று கடவுள் முன்னமே தீர்மானித்துவிட்டார் என்று பச்சையாகவே சொல்லிவிட்டார். அவரிடம் கருணை இல்லாவிட்டாலும் ஒளிவு மறைவு இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். போப்பாண்டவர் ஆளுகிற வத்திக்கான் ஒரு தனி ராஜ்யம். அங்கேயும் சட்டம் உண்டு, கோர்ட்டு உண்டு. 2013இல் அப்போதைய போப் பிரான்சிஸ் அந்த ராஜ்யத்தின் குற்றச் சட்டத்தைத் திருத்தி, ஆயுள் தண்டனையையே எடுத்துவிட்டு, அதிகபட்சம் 30 முதல் 35 வருஷம் என்று வைத்தார். ஆயுள் முழுவதும் அடைத்து வைப்பது மறைமுகமான மரண தண்டனை என்பது அவருடைய அபிப்பிராயம். 2018இல் மதப்போதனைப் புஸ்தகத்தையே திருத்தி, மரண தண்டனை ஒப்புக்கொள்ளத்தக்கதல்ல என்று எழுதச் செய்தார். காரணம் என்ன தெரியுமா? எவ்வளவு கொடிய குற்றம் செய்தவனுக்கும் மனிதனுடைய மதிப்பு போய்விடுவதில்லையாம். அவன் திருந்துவதற்குள்ள வழியை ஒரேயடியாக அடைத்துவிடக் கூடாதாம். நான் கைதட்டுகிறேன். ஆனால் அதே புஸ்தகத்தில், நரகம் உண்டு, அதற்கு முடிவில்லை என்ற பகுதி அப்படியே இருக்கிறது. போப்பாண்டவரின் சிறையில் 35 வருஷம். போப்பாண்டவரின் கடவுளுடைய சிறையில் விடுதலையே இல்லை. கடவுளைவிட அவருடைய பிரதிநிதி நல்லவராகிவிட்டார் என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன அர்த்தம்?

இப்படி மனிதன் முன்னே போவதும் மதம் பின்னாலே இழுபடுவதும் புதிதல்ல. சீமையிலே நரகத்தின் பேரில் ஒரு வழக்கே நடந்திருக்கிறது. 1853இல் மாரிஸ் என்ற பேராசிரியர், நித்திய தண்டனை என்றால் முடிவில்லாத காலம் என்று பொருளல்ல என்று எழுதியதற்காக லண்டன் கிங்ஸ் காலேஜ் அவரை வேலையிலிருந்து நீக்கியது. 1860இல் ஏழு பேர் சேர்ந்து ஒரு கட்டுரைப் புஸ்தகம் வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவர் ஹென்றி பிரிஸ்டோ வில்சன் என்ற ஊர்ப் பாதிரியார். கடைசியில் எல்லா ஜனங்களும், சிறியவரும் பெரியவரும், சர்வலோகப் பிதாவினிடத்தில் அடைக்கலம் பெறுவார்கள் என்று நம்புவோம் என்பதாக அவர் எழுதினார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்! வழக்குப் போட்டார்கள். 1862இல் கீழ்க்கோர்ட்டு அவரை ஒரு வருஷம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. அவர் பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் செய்தார். நம் ஜமீன்தார்களும் மிராசுதார்களும் வாய்க்கால் வரப்பு வழக்குகளைக் கொண்டுபோய்ப் பணத்தைக் கொட்டினார்களே, அதே பிரிவி கவுன்சில்தான்.

1864 பிப்ரவரி 8ந் தேதி லார்டு வெஸ்ட்பரி தீர்ப்புச் சொன்னார். கெட்டவர்களுக்கும் ஒருநாள் மன்னிப்புக் கிடைக்கலாம் என்று ஒரு பாதிரியார் நம்பினால் அதைக் குற்றம் என்று தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை என்பது தீர்ப்பு. நரகத்தைச் செலவுத்தொகையுடன் தள்ளுபடி செய்த ஜட்ஜ் என்று அவரைப் பற்றிக் கேலி பேசிக்கொண்டார்கள். இதிலே எனக்குச் சிரிப்பு வராத இடம் ஒன்று உண்டு. தீர்ப்பு வந்ததும் இங்கிலாந்து, அயர்லாந்துப் பாதிரிமார் சுமார் 11,000 பேர், கெட்டவர்களின் தண்டனை என்றென்றைக்கும் நீடிக்கும் என்ற போதனையை விடமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். தங்களுக்குச் சம்பளம் போதவில்லை என்றல்ல, ஊரில் ஏழை பட்டினி கிடக்கிறான் என்றல்ல. நெருப்பு அணைந்துவிடக் கூடாது என்று 11,000 கையெழுத்து! அந்தப் பதினோராயிரம் பேரும் வீட்டிலே நல்ல தகப்பன்மாராகத்தான் இருந்திருப்பார்கள். நல்ல மனிதனை இப்படிக் கையெழுத்துப் போட வைப்பதுதான் மதத்தின் வேலை.

இன்னொன்று சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஒரு கூட்டம் முடிந்து நான் புறப்படும்போது ஒரு வயதான அம்மாள் வந்து நின்றார்கள். ஊரும் பேரும் வேண்டாம். இளம் வயதில் அவர்களுக்குப் பிறந்த முதல் குழந்தை ஒரு நாள் கூட இருக்கவில்லை. ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் போய்விட்டது. அதனால் கல்லறைத் தோட்டத்துக்குள் இடமில்லை என்று சொல்லி வேலிக்கு வெளியே புதைத்தார்கள். அந்தக் குழந்தைக்கு மோட்சம் இல்லை என்றும் யாரோ சொல்லிவிட்டார்கள்.

அகஸ்டின் என்ற அவர்களுடைய ஆசாரியார், அப்படிப்பட்ட குழந்தைகளுக்கும் தண்டனை உண்டு, ஆனால் மிக லேசான தண்டனை என்று எழுதினார். பின்னால் வந்தவர்களுக்கு மனம் கேட்காமல், நெருப்பும் இல்லை, மோட்சமும் இல்லை என்று லிம்போ என்ற ஓர் ஓரத்துத் திண்ணையைக் கட்டினார்கள். 2007இல் வத்திக்கானின் இறையியல் குழு ஒரு அறிக்கை வெளியிட்டு, அந்தக் குழந்தைகளும் ரட்சிக்கப்படும் என்று நம்ப இடமிருக்கிறது என்று சொல்லியது. நிச்சயமில்லையாம், நம்பலாமாம். நான் இதை அந்த அம்மாளிடம் சொன்னேன். ஆறுதலாயிருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படின்னா ஐயா, இத்தனை வருசமா எம்புள்ள எங்க இருந்துச்சு?" என்றார்கள்.

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. உங்கள் பிள்ளை எங்கேயும் இல்லை அம்மா, அதற்கு நோவும் இல்லை, இருட்டும் இல்லை, யாரும் அதை வேலிக்கு வெளியே நிறுத்தி வைக்கவில்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மறுபடி போய்த்தான் சொன்னேன். அறுபது வருஷமாய் அந்தத் தாயைச் சுட்ட நெருப்பு ஒன்று இருந்ததே, அதுதான் உண்மையான நரகம். அது வானத்தில் இல்லை.

நியாயத்தீர்ப்பு இல்லையென்றால் அநியாயக்காரன் தப்பிவிடுவானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஏழையின் வயிற்றெரிச்சலில் பிறந்த கேள்வி. ஆனால் அந்த நாளை நம்பினவர்கள் இந்த நாளில் என்ன செய்தார்கள்? திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில், வெள்ளாளர் ஒரு கிளையிலும் நாடார் ஒரு கிளையிலும் உட்காரும்படி, கால்சட்டை மாதிரி இரண்டு கிளையாகப் பிரித்து, நடுவிலே சுவர் வைத்துக் கோயில் கட்டினார்கள். செம்மறியாட்டையும் வெள்ளாட்டையும் பிரிக்கும் வேலையை ஆண்டவர் வருவதற்கு முன்னமே கொத்தனார் முடித்துவிட்டார். அந்தச் சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. எக்காளம் ஊதி இடியவில்லை. பிரித்து உட்கார வைக்கப்பட்ட ஜனங்கள் பல வருஷம் எதிர்த்து நின்றதன் பேரிலும், மனிதன் கடப்பாறை எடுத்ததன் பேரிலும்தான் இடிந்தது. கூலியை ஏமாற்றுகிறவன் பேரில் கேஸ் போடுவதற்குப் பதிலாக, "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று வீட்டுக்குப் போகிறவனால் லாபம் அடைகிறவன் யார் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நேரமாகிவிட்டது. தலைவர் மணியைப் பார்க்கிறார். இந்தக் கூட்டத்துக்குப் பாதிரியார் ஒருவரும், உபதேசியார் இருவரும் வந்து பின்வரிசையில் பொறுமையாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என் வந்தனம். நான் சொன்னதில் பிசகு இருந்தால் அவர்கள் மேடைக்கு வந்து சொல்லலாம். நம் தோழர்கள் யாரும் குறுக்கே கூச்சல் போடக் கூடாது. மற்றவர்கள் கேள்வியை ஒரு காகிதத்தில் எழுதி மேஜைக்கு அனுப்பினால், தெரிந்ததற்குப் பதில் சொல்லுகிறேன்.