அரங்கில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?



மார்க்கெட்டிங் என்ற சொல்லைக் கேட்டாலே நம் ஆட்களுக்கு முகம் சுளித்துவிடும். சோப்பு விற்கிற வேலை, கார்ப்பரேட் வேலை என்று ஒதுக்கிவிடுவோம். இன்று நான் பேசப்போவது அந்த வேலையையே தன் அரசியலாகச் செய்த ஓர் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்ணைப் பற்றி. பெயர் டோனா வாக்கர்-குன். ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். பள்ளிகளில் இனப்பிரிவினையை எதிர்த்து வாதாடி வென்ற தர்குட் மார்ஷல் படித்ததும் அங்கேதான். அப்படிப்பட்ட இடத்தில் சட்டம் படித்தவர், நடனக் குழுக்களுக்கும் நாடக அரங்குகளுக்கும் பார்வையாளர்களைத் திரட்டும் வேலைக்கு வந்தார். இது சின்ன வேலை இல்லை.

முதலில் டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம். அங்கே அவர் மார்க்கெட்டிங் இயக்குநர். இந்தக் குழுவைத் தெரிந்துகொள்வது அவசியம். 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்படுகிறார். மறு ஆண்டே ஆர்தர் மிட்செல் என்ற கறுப்பினக் கலைஞர் ஹார்லெமில் பாலே பள்ளியும் குழுவும் தொடங்குகிறார். பாலே என்றால் வெள்ளை உடம்புக்கான கலை என்பதுதான் அன்றைய எண்ணம். காலுறையும் காலணியும்கூட வெளிர் இளஞ்சிவப்பு. அதற்குத் 'தோல் நிறம்' என்று பெயர். யாருடைய தோல்? ஹார்லெம் குழுவினர் தங்கள் காலணிகளுக்குத் தங்கள் நிறத்திலேயே சாயமேற்றிப் போட்டுக்கொண்டு மேடை ஏறினார்கள். பிரிட்டனில் ஃப்ரீட் என்ற பெரிய பாலே காலணி நிறுவனம் பழுப்பு நிறக் காலணியை விற்பனைக்குக் கொண்டுவந்தது 2018இல்தான்.

1984இல் இந்தக் குழு 'ஜிசெல்' என்ற பழைய பிரெஞ்சு பாலேயை லூசியானாவின் கறுப்பினக் குடும்பங்களுக்குள் கொண்டுவந்து வைத்து ஆடியது. அந்தச் சமூகத்தில் ஒரு குடும்பத்தின் அந்தஸ்தை எப்படி அளந்தார்கள் தெரியுமா? அடிமைத்தனத்திலிருந்து அவர்கள் எத்தனை தலைமுறை விலகி வந்திருக்கிறார்கள் என்பதை வைத்து. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே படிநிலை. நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1993இல் நியூயார்க்கின் பப்ளிக் தியேட்டருக்கு ஜார்ஜ் சி. வுல்ஃப் பொறுப்பேற்றார். அவரும் கறுப்பினத்தவர். அவருடைய காலத்தில்தான் டோனா அங்கே பார்வையாளர் வளர்ச்சிப் பணியைப் பார்த்தார். 1995இல் 'பிரிங் இன் டா நாய்ஸ், பிரிங் இன் டா ஃபங்க்' அங்கே அரங்கேறியது. அடிமைக் கப்பலில் தொடங்கி கறுப்பின மக்களின் வரலாறு முழுவதையும் தரையைத் தட்டும் கால்களாலேயே சொல்லும் நிகழ்வு. 1739இல் தென் கரோலினாவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டே அவர்கள் முரசு கொட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. முரசைப் பிடுங்கினால் கால் முரசாகிவிடும் என்பதுதான் அந்த நாடகத்தின் உயிர். அடுத்த ஆண்டு பிராட்வேக்குப் போய் நான்கு டோனி விருதுகளை வாங்கியது.

ஆனால் மேடையில் கறுப்பு வரலாறு, நாற்காலிகளில் மட்டும் வெள்ளைப் பணக்காரர்கள் என்றால் அது என்ன வெற்றி? டோனாவின் வேலை இங்கேதான் வருகிறது. விளம்பரம் கொடுத்துவிட்டு மக்கள் வரவில்லையே என்று புலம்புவதை அவர் ஏற்கவில்லை. தேவாலயங்களோடும் கறுப்பினப் பத்திரிகைகளோடும் வட்டாரச் சங்கங்களோடும் உறவை வளர்த்து, அவற்றின் வழியாக அழைப்பதுதான் அவருடைய முறை. 2005இல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பே விருந்துக்கு அழைப்பது என்ற பொருளில்தான் இருக்கிறது. விருந்துக்கு அழைக்கிறவர் வாசலில் நின்று வரவேற்க வேண்டும், அடுத்த முறையும் கூப்பிட வேண்டும். கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரியில் மட்டும் கூப்பிட்டுவிட்டு மற்ற பதினோரு மாதமும் மறந்துவிடுவது விருந்தோம்பல் இல்லை.

'இலவசமாக்கினால் எல்லோரும் வந்துவிடுவார்கள்' என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அதே பப்ளிக் தியேட்டர் கோடையில் சென்ட்ரல் பார்க்கில் ஷேக்ஸ்பியர் நாடகங்களை இலவசமாகவே நடத்துகிறது. ஆனால் டிக்கெட்டுக்குக் காலையிலிருந்தே வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. தினக்கூலிக்குப் போகிறவரால் பாதி நாள் நிற்க முடியுமா? பின்னாளில் நகரத்தின் மற்ற பகுதிகளுக்கே போய் டிக்கெட் கொடுக்கத் தொடங்கினார்கள்.

எனக்கு ஒரு மாறுபாடும் உண்டு. நாற்காலியை நிரப்புவதோடு இது நின்றுவிட்டால், நம் மக்கள் டிக்கெட் வாங்குகிற கூட்டமாக மட்டுமே மிஞ்சுவார்கள். எந்த நாடகம் போடுவது, யாருக்குச் சம்பளம், நிர்வாகக் குழுவில் யார் என்பதையெல்லாம் வழக்கம்போல் மற்றவர்களே முடிவுசெய்வார்கள். டோனா பிறகு பணிபுரிந்த நியூவார்க் நகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1967இல் ஒரு கறுப்பின டாக்சி ஓட்டுநரைப் போலீஸ் அடித்ததில் மூண்ட எழுச்சியில் 26 பேர் செத்த ஊர். முப்பது ஆண்டு கழித்து அங்கே பிரமாண்டமான கலை மையம் திறந்தார்கள். இது யாருக்காக என்று அந்த ஊர் மக்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. டோனா அங்கே சமூகத் தொடர்புப் பணியில் இருந்தார். ஒரு தனி நபர் எவ்வளவு திறமையாக இருந்தாலும் அந்தக் கேள்விக்கு முழுப் பதில் ஆகிவிட முடியாது. ஆனால் அந்தக் கேள்வியை நிறுவனத்துக்குள்ளே உயிரோடு வைத்திருக்க ஆள் வேண்டும்.

இங்கே நீலம் பண்பாட்டு மையம் 2020இல் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியபோது மேடை மாறியது. சபாக்களின் மாதத்தில் பறையும் கானாவும் ஒப்பாரியும் கேட்டன. மேடையை நாம் கேட்டு வாங்கவில்லை, நாமே போட்டோம். அதனால் டோனா சந்தித்த சிக்கலில் பாதி நமக்கு இல்லை. மீதிப் பாதி இருக்கிறது. நாம் நடத்தும் நிகழ்ச்சிகளுக்கே பாருங்கள்: போஸ்டர் இன்ஸ்டாகிராமில் போகிறது, வருகிறவர்கள் நம்மைப் போலப் படித்த இளைஞர்கள். பறையடிக்க வருகிற அண்ணனின் வீட்டிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள்? அவருடைய அம்மாவை யார் கூப்பிட்டோம்? நிகழ்ச்சி இரவு பத்து மணிக்கு முடிந்தால் கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ அவர்கள் எந்தப் பஸ்ஸில் திரும்பிப் போவார்கள்?

அடுத்த நிகழ்ச்சிக்கான செலவுக் கணக்கைப் போடும்போது ஒலிபெருக்கி, பந்தல், சாப்பாட்டோடு ஒரு வேன் வாடகையையும் சேர்த்து எழுதுங்கள். போஸ்டர் அச்சாவதற்கு இரண்டு வாரம் முன்பே நான்கு பேர் அந்தக் குடியிருப்புகளுக்குப் போய், தேதியையும் நேரத்தையும் அங்கே இருப்பவர்களிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். யார் யார் போகிறீர்கள் என்று கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.